‘போ’ வராத வாய்

புதிதாக ஆட வருகிறவர்களுக்கு மூன்று யோசனைகள் எழுதித் தரும்படி எங்கள் குழுவில் கேட்டிருந்தார்கள். ரொம்ப வருடத்துக்கு முந்தைய விண்வெளிச் சண்டை விளையாட்டு ஒன்றைப் புதுப் படங்களோடு மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். அதை ஆடுகிறவர்களின் வாட்ஸப் குழு அது. பெரும்பாலும் கல்லூரியில் படிப்பவர்கள். “அக்கா பழைய கை” என்று அவர்கள் ஏற்றிவிட்டதும் நானும் பெருமையாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

முதல் யோசனை: கப்பலின் மின்சாரம் முழுவதையும் துப்பாக்கிக்கே கொடுக்காதீர்கள், பாதியை எஞ்சினுக்கு வையுங்கள். ஓடத் தெரியாதவன் அங்கே ஒரு நிமிடம் தாங்கமாட்டான். இரண்டாவது: எதிரி நேருக்கு நேர் வந்தால் வீரம் காட்ட வேண்டாம். ஒதுங்கி வழிவிட்டு, அவன் தாண்டியதும் பின்னால் போய்ப் பிடியுங்கள். மூன்றாவது: ஏழாம் எண் பொத்தானை அழுத்தக் கூச்சப்படாதீர்கள். இதை எழுதியதும் கை நின்றுவிட்டது. ஏழாம் எண் என்றால் எனக்கு ஒருவருடைய முகம்தான் ஞாபகம் வரும். யோசனை எழுத உட்கார்ந்தவள் அவரைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். குழுவில் போட்டால் திட்டுவார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் பர்சனல் மேனேஜராக இருந்தார். வேலைக்கு ஆள் எடுப்பதும் வேண்டாத ஆளை நிறுத்துவதும் அவர் பொறுப்பு. முதல் பாதியை அழகாகச் செய்வார். இரண்டாம் பாதி ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவருக்கு வராது. ‘போ’ என்ற சொல் அவர் வாயில் வராது, அவ்வளவுதான் காரணம். ‘போங்க’வும் வராது. குண்டடத்துப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கம் எல்லாருக்குமே மரியாதை கொஞ்சம் தூக்கல். வீட்டு வாசலில் வந்து நிற்பவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தையே நின்று போகும். இவர் அந்த மரியாதையில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

லாரி டிரைவர் யாராவது வழி கேட்டால் இப்படிச் சொல்வார். “நேரா வாங்க. வந்து, அந்த பேக்கரிகிட்ட இடது கைப்பக்கமா வந்தீங்கன்னா மெயின் ரோடு வந்துருமுங்க.” கேட்ட டிரைவர், இவரும் கூட வரப்போகிறார் என்று நினைத்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்ததை நானே பார்த்தேன். ஒருநாள் தெருநாய் ஒன்று ஆபீசுக்குள் நுழைந்துவிட்டது. “சாமி, அக்கட்டால வாங்க சாமி” என்றார், அந்தப் பக்கமாகப் போகச் சொல்கிறாராம். நாய் சொன்னபடி வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

நான் அவருக்குக் கீழே, வருகைப்பதிவு பார்க்கிற டைம் ஆபீசில் கிளார்க். கோவில்பட்டிப் பக்கமிருந்து அம்மாவோடு பிழைக்க வந்தவள். எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற கை என்னுடையது ஒன்றுதான். எனக்கு வாய் நீளம். ஒருவரைக் கிளம்பு என்று சொல்ல எனக்கு அரை நொடி போதும். அதற்காகவே என்னை அந்த அறையில் வைத்திருந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நூல் ஏஜெண்டு, பட்டன் ஏஜெண்டு, இன்சூரன்ஸ்காரர் என்று வருகிறவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். இவரும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். தாங்க முடியாத கட்டத்தில் என் பக்கம் திரும்பி, “அம்மிணி, அந்த பச்ச ஃபைலு எங்கீங்க?” என்பார். எங்கள் ஆபீசில் பச்சை ஃபைலே கிடையாது. நான் எழுந்து, “சாருக்கு மீட்டிங் இருக்கு, கெளம்புங்க” என்பேன். அவர் அந்த நேரம் பார்த்துக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார்.

ஒருமுறை பீகார் டெய்லர் ஒருவர் லைன் சூப்பர்வைசரோடு சண்டை போட்டு, கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டார். அவரை நிறுத்தியே ஆகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இவருக்கு இந்தி தெரியாது. கட்டிங் செக்ஷனில் இந்தி தெரிந்த ஒருவரை அழைத்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். சாப்பிட்டாரா, ஊரில் அம்மா நலமா, அங்கே மழை எப்படி என்று முக்கால் மணி நேரம். கடைசியில் கும்பிட்டு, “செரிங்க, போய்ட்டு வாங்க” என்றார். கட்டிங்காரர் அதை அட்சரம் பிசகாமல் ‘ஜாக்கே ஆவோ’, அதாவது போய்விட்டுத் திரும்பி வா, என்று மொழிபெயர்த்தார். கணக்கு முடித்த தாளில் டெய்லர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். ஒரு மாதம் கழித்து, வீட்டில் செய்த கோதுமை இனிப்பு ஒரு டப்பாவோடு வந்து தன் மிஷினைக் கேட்டார். “வாங்க, வாங்க” என்று இவர் எழுந்து நின்றார். மிஷினும் கிடைத்தது. அந்த இனிப்பில் இரண்டு நானும் தின்றேன்.

விளையாட்டு எங்களிடம் வந்ததே ஒரு தவறால்தான். முன்பிருந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் யாரோ அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் வருகைப்பதிவைத் திறப்பதாக நினைத்து அதை அழுத்திவிட்டார். திரை கறுத்து, நட்சத்திரங்கள் வந்து, தூரத்தில் ஒரு கப்பல் இவரைப் பார்த்து வந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள், “வாங்க” என்று சொல்லியிருந்தார். அது சுட்டுத்தள்ளியது. “ஏனுங்க, வந்ததும் வராததுமா” என்று மனம் வருந்தினார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் விண்வெளி என்றாகிவிட்டது. எங்கள் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்து ஏற்கெனவே ஒயர் போட்டிருந்ததால் இருவரும் ஆட முடிந்தது. அவர் தலைமைக் கப்பல், நான் துணைக் கப்பல். அவர் சண்டை போடுவதைப் பார்க்க வேண்டும். எதிரி சிவப்புப் புள்ளியாக ரேடாரில் தெரிந்ததும் “வாங்க, வாங்க” என்பார். வழியை மறித்தால் “கொஞ்சம் அக்கட்டால வந்துக்குங்க” என்பார். சுட்டு வீழ்த்தியதும் முகம் மெய்யாகவே கலங்க, “போய்ட்டு வாங்க” என்று வழியனுப்புவார். அடிபட்டுத் திரும்பி ஓடுகிறவனை ஒருநாளும் துரத்தியதில்லை.

இதில் எனக்குத்தான் ஆபத்து. அவர் ‘வாங்க’ என்று சொல்வது எதிரியையா என்னையா என்று தெரியாது. உதவிக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நான் முழு வேகத்தில் பாய்வேன். அங்கே அவர் எதிரியை வரவேற்றுக்கொண்டிருப்பார். நான் போய் அவர் கப்பல் மீதே மோதுவேன். மூன்றாவது தடவை இருவரும் சேர்ந்து வெடித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“சார், இது சரிப்படாது. எதிரிய வாடான்னு சொல்லுங்க, என்னைய வாங்கன்னு சொல்லுங்க.”

“அதெப்படீங்க, முன்னப்பின்ன தெரியாதவங்கள…”

“அப்ப என்னைய வான்னு சொல்லுங்க, அவங்கள வாங்கன்னு சொல்லுங்க.”

“ஐயையோ, அது இன்னும் தப்புங்க.”

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். எதிரி வந்தால் வெறும் ‘வாங்க’. என்னைக் கூப்பிட்டால் ‘வாங்கம்மிணி’. அதற்குப் பிறகு எங்கள் படை ஒழுங்காக முன்னேறியது.

ஒன்பதாம் கட்டத்தில் மாட்டிக்கொண்டோம். புதியவர்களும் அங்கேதான் மாட்டுகிறார்கள். ஆறு சரக்குக் கப்பல்களைப் பாறைக்கூட்டம் வழியாகக் காவல் காத்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சண்டை நீளம், துணைக் கப்பலின் கவசம் நடுவிலேயே பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்துவிடும். துணை செத்தாலும் ஆட்டம் நிற்காது, தலைவர் தனியாக முடிக்கலாம். குழுவில் எல்லாரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் நான் செத்துப்போனால் அவர் கையை எடுத்துவிடுவார். “நீங்க இல்லாம எதுக்குங்க” என்று சொல்லி, வென்றுகொண்டிருக்கிற ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குவார். மூன்று வாரம் சாப்பாட்டு நேரம் முழுக்க நான் செத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குத்தான் ஏழாம் எண் பொத்தான் இருக்கிறது. தலைவர் அதை அழுத்தினால் துணைக் கப்பல் சண்டையை விட்டுத் தளத்துக்குத் திரும்பிவிடும். அங்கே கவசம் சரியாகி, அதே சண்டையின் கடைசிக் கட்டத்தில் தானே வந்து சேர்ந்துகொள்ளும். அவரோ அதைத் தொடமாட்டேன் என்றார். “தொழிலுக்கு வந்தவங்கள பாதில எப்படீங்க…” என்று இழுத்தார். அடுத்த சொல் வாயில் வரவில்லை.

“சார், போன்னு சொல்லல நாம. போய்ட்டு வான்னுதான் சொல்றோம். கடைசில வந்துருவேன்ல.”

“நெசமாவே திரும்பி வந்துருவீங்களா?”

“ஆட்டத்துல அப்படித்தான் சார் எழுதிருக்கு.”

அன்று என் கவசம் சிவந்ததும், “போய்ட்டு வாங்கம்மிணி” என்று ஏழாம் எண்ணை அழுத்தினார். நான் தளத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தனியாளாக நாலு பேரை வரவேற்று வழியனுப்பினார். கடைசிப் பெரிய கப்பல் வந்தபோது ரேடாரின் ஓரத்தில் என் பச்சைப் புள்ளி முளைத்தது. “வாங்கம்மிணி, வாங்கம்மிணி” என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஜெயித்தோம். அன்று சாயந்திரம் செக்கிங் பெண்கள் வரைக்கும் எல்லாருக்கும் தேங்காய் பன் வந்தது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த வருடம் ஆர்டர் படுத்துவிட்டது. முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகும் மிஷின் ஒன்றைக் கேட்டில் மாட்டப்போகிறார்கள் என்று பேச்சு. ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னார். டீ வந்தது. அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது, கோவில்பட்டியில் இந்த வருடம் மழை எப்படி, உளுந்து போட்டிருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டார். எனக்கு உளுந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, இருந்தாலும் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. “செரிங்கம்மிணி, போய்ட்டு வாங்க” என்றார். “வர்றேன் சார்” என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். “ஒரு மணி நேரம் மழையப் பத்தியா பேசுனாரு?” என்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “ஏட்டி, என்னமோ இருக்கு.” அவருக்குப் பொழுது போகவில்லை போல என்று நான் சிரித்தேன்.

மறுநாள் காலை கேட்டில் புது மிஷின் இருந்தது. முகத்தைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. பொட்டை எடுத்துவிட்டுக் காட்டினேன், துப்பட்டாவை இறக்கிவிட்டுக் காட்டினேன். சிவப்புதான். பின்னால் வரிசை நின்றது. வாட்ச்மேன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அம்மிணி, நேத்தே உங்ககிட்ட சொல்லலீங்களா?” என்றார். டைம் ஆபீசுக்கு இனி ஓர் ஆள் போதும் என்று மேலே முடிவாகி, என் பேர் இல்லாத பட்டியலைத்தான் மிஷினில் ஏற்றியிருக்கிறார்கள். நாற்பது பேர் பார்க்க அந்தச் சிவப்பு விளக்கு முன்னால் நான் நின்ற நிற்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

நேராக அறைக்குள் போனேன். “வாங்கம்மிணி” என்று எழுந்தார்.

“சார், என்னைய வேலைய விட்டு நிப்பாட்டியாச்சா?”

“நேத்து சொன்னனேங்க.”

“எப்ப சொன்னீங்க?”

“கடைசில சொன்னேனுங்க. போய்ட்டு வாங்கன்னு.”

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பீகார் டெய்லரும் அவருடைய இனிப்பு டப்பாவும் கண்ணில் வந்தார்கள். அப்புறம் அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. “ஒரு வார்த்தை நேராச் சொல்லிருந்தா ராத்திரியே யோசிச்சிருப்பேன் சார். இந்த ஒரு சம்பளத்துலதான் எங்கம்மாவும் நானும் சாப்பிடுதோம். உங்க நாக்கு நோகக்கூடாதுன்னு என்னைய வாசல்ல நிக்க வெச்சுட்டீங்க.” அவர் மேசை விளிம்பையே தடவிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, அந்த ஊரில் யாரும் யாரிடமும் சொல்லாததை வேண்டுமென்றே சொன்னேன். “போறேன் சார்.” அவர் முகம் சுருங்கியது. அது சுருங்கவேண்டும் என்றுதான் சொன்னேன்.

பதினைந்து நாளில் வேறு கம்பெனியில், வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கிற மெர்ச்சண்டைசிங் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். கஷ்டமான வேலை, ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. டைம் ஆபீசில் இருந்திருந்தால் எனக்கு இந்த வழி திறந்தே இருக்காது. ஆறு மாதம் கழித்து அவர் போன் செய்தார். நலம் விசாரித்தார், மழை விசாரித்தார்.

“மிஷினுக்கு ஆள் அடையாளமே தெரிய மாட்டேங்குதுங்க. தலை, மூஞ்சியெல்லாம் பஞ்சு ஒட்டிட்டு வந்தா யாருன்னே தெரியறதில்லீங்க. இன்னொரு ஆளு வேணும்னு மேலயும் ஒத்துக்கிட்டாங்க. நாந்தான் உங்கள போய்ட்டு வாங்கன்னு சொல்லீருக்கேனே. இன்னும் காணமுங்களே அம்மிணி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவர் என்னை ஏமாற்றவில்லை. நான் கற்றுக்கொடுத்தபடியே ஏழாம் எண்ணை அழுத்தியிருக்கிறார். கடைசிக் கட்டத்தில் நான் வந்துவிடுவேன் என்று அந்த மனிதர் நிஜமாகவே நம்பியிருக்கிறார். நான் வரமுடியாது, இங்கே நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் நீளமான எனக்கு அது வரவில்லை. “சரி சார், வர்றேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். போனை வைக்கும்போது எல்லாரும் சொல்வதுதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பஸ் ஸ்டாப்பில் பழைய வாட்ச்மேனைப் பார்த்தேன். “என்னங்கம்மிணி, வர்றேன்னு சொன்னீங்களாமா. தெனமும் காலைல உங்க சேரைத் தொடச்சுப் போட்டுட்டு கேட்டையே பாத்துட்டு இருக்காருங்க. வேற ஆள் போடுங்கன்னு மொதலாளி சத்தம் போடறாரு. அவிங்க வர்றாங்கன்னு சொல்லி இவரு மல்லுக்கட்டறாரு. இன்னும் நாலு நாள்ல ஆள் வரலீன்னா இவரையே ஊட்டுக்கு அனுப்பிருவாங்களாட்ட இருக்குது.”

மூன்றாம் நாளே, சனிக்கிழமை மதியம் லீவு போட்டுவிட்டுப் போனேன். பஸ்ஸில் முழுக்க, ‘நான் வரலை சார், வேற ஆள் போட்டுக்கோங்க’ என்று மனதுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டேன். எத்தனை ஏஜெண்டுகளை அந்த அறையிலிருந்து கிளப்பிவிட்டவள் நான்.

“வாங்கம்மிணி” என்றார். என் நாற்காலி பளிச்சென்று இருந்தது. உட்கார்ந்தேன். டீ வந்தது. அம்மா கால்வலியைக் கேட்டார். நான் குண்டடத்தில் மழை உண்டா என்று கேட்டேன். சோளம் எப்படி என்று கேட்டேன். சோளத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும். அரை மணி நேரம் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசினேன். பிறகு அவராக, “ஒரு ஆட்டம் போடலாமுங்களா?” என்றார். ஒன்பதாம் கட்டம். என் கவசம் சீக்கிரமே சிவந்துவிட்டது. நான் ஒழுங்காக ஆடவே இல்லை. அவர் கை ஏழுக்குப் போனது, அங்கேயே நின்றது. அழுத்தவில்லை. திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரம் முடிந்த சங்கு ஊதியது. எழுந்தேன். பஸ்ஸில் பழகியதெல்லாம் எங்கோ போய்விட்டது. “சரி சார், போய்ட்டு வ…” என்று தொடங்கினேன்.

“வர்றேன்னு சொல்லாதீங்க அம்மிணி” என்றார். “நீங்க சொன்னா நான் நெசமாவே பாத்துட்டு இருப்பேனுங்க.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனியப் போனார், பிறகு குனியாமல் நிமிர்ந்தே நின்றார். உதடு இரண்டு முறை சேர்ந்து பிரிந்தது.

“போங்கம்மிணி” என்றார். “நல்லபடியா போங்க.”

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன்பு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாசல் வரை வந்து நின்றார்.

“போறேன் சார்” என்றேன். இந்த முறை அவர் முகம் சுருங்கவில்லை.